ஒற்றைக் கோடு: அமலோற்பவம் அக்காவுக்கு

செவ்வாய்க்கிழமை காலை செய்தி வந்தது. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே, எங்கள் அலுவலகத்தின் மாடிப்படியில் பாதியில் இருந்தேன். கைப்பேசியில் சவரிமுத்து அண்ணன், அக்காவின் கணவர்.

"தேனு, காப்பி போட்டு வச்சேம்மா. எழுந்திரிக்கல."

கீழே நாமக்கல் பேருந்துக்காரர் ஊர்ப் பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தி முடிக்கும்வரை படியிலேயே நின்றேன்.

மேலே போய் எங்கள் நிறுவன உரிமையாளர் ராஜமாணிக்கம் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனிதர்.

"தங்கமான மனுஷி" என்றார். "அந்த ஒரு தப்பு மட்டும் பண்ணாம இருந்திருந்தா..."

வாக்கியத்தை அங்கேயே விட்டார். நான்கு ஆண்டுகளாக அது அங்கேயே நிற்கிறது. அதை முடித்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

*

அறியாதவர்களுக்காக.

செ. அமலோற்பவம் ஏலாக்குறிச்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அரியலூரில் வேதியியல் படித்தார். படித்து முடித்ததும் ஒரு சிமெண்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. அரைத்த பொடியைச் சலித்து, எடை பார்த்து, பதிவேட்டில் எழுதும் வேலை. பதினோரு ஆண்டுகள்.

பிறகு மொசாம்பிக். அங்கே ஓர் ஆலைக்கு ஆய்வக ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர் விண்ணப்பித்தார், அழைப்பு வந்தது, போனார். கணவரும் உடன் போனார். "அவ சிமெண்ட பாத்தா, நான் சோத்தப் பாத்தேன்" என்பார் சவரிமுத்து அண்ணன். அங்கே ஒன்பது ஆண்டுகள்.

போர்ச்சுகீசிய மொழியை அவர் வகுப்பில் கற்கவில்லை. ஆய்வக உதவியாளர்களிடமும், மீன் விற்கும் பெண்களிடமும், ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் கற்றார். அங்கே அவருக்கு மமா அமாலியா என்று பெயர். கோபம் வந்தால் வீட்டிலும் போர்ச்சுகீசில்தான் திட்டுவாராம்.

"எனக்கு ஒண்ணும் புரியாது தேனு. அதனாலதான் குடும்பம் ஓடுது" என்பார் அண்ணன்.

"புரியலன்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அன்னைக்கு மட்டும் பாத்திரம் எப்படி வெளக்கி வச்சிருப்பீங்க?" என்பார் அக்கா.

தாயாருக்கு உடல்நிலை மோசமானதும் இருவரும் திரும்பி வந்தார்கள். அரியலூரில் வீடு எடுத்தார்கள். தாயார் காலமான பிறகு அக்கா எங்களிடம் வந்தார்.

எங்களுடையது சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம். மக்காச்சோளம் உரிக்கும் இயந்திரம், பம்புசெட், தைலம், சோப்பு. ஆப்பிரிக்காவுக்குப் போகும் சரக்குகளின் கையேடுகள், லேபிள்கள். அவ்வப்போது பெரிய கம்பெனிகளின் கடிதங்கள். ஆங்கிலத்தில் வரும், போர்ச்சுகீசில் போகும். நான் ஒருங்கிணைப்பாளர். வேலையை வாங்கி, பிரித்துக் கொடுத்து, கெடு தவறாமல் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. முதுகலை இலக்கியம் படித்தவள். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்று மூன்று தேர்வுத்தாள்களில் எழுதித் தேறியவள். அந்த இடைவெளியில் ஆள் நின்றுகொண்டிருப்பார் என்பது எந்தத் தாளிலும் வரவில்லை.

*

அவருக்கு நான் கொடுத்த முதல் வேலை ஒரு தலைமுடித் தைலத்தின் லேபிள். நான்கு வரி. அதில் ஒரு சொல், அன்ரூலி. அடங்காத முடியை அடக்கும் தைலம் என்று பொருள் வரும்படி எழுத வேண்டும்.

அரை மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தேன். மதியம் அவரிடமிருந்து அழைப்பு.

"சாம்பிள் எங்க?"

"பாட்டில் அனுப்பலங்க மேடம். லேபிள் மட்டுந்தான்."

"பாட்டில் யாருக்கு வேணும்? முடி. யாரு முடிய அடங்கலங்கறாங்க?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

போர்ச்சுகீசில் அதற்கு வழக்கமான சொல் ஒன்று உண்டு, ரெபெல்தே. கலகக்காரன் என்பதும் அதுவே. அகராதியும் அதைத்தான் தருகிறது, கடையில் இருக்கும் பாட்டில்களும் அதைத்தான் சொல்கின்றன. அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் மொசாம்பிக்குக்கு அழைத்தார். அவருடைய பழைய ஆய்வக உதவியாளர் தொமாஸின் மனைவியிடம், உங்கள் முடியை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார்.

மறுநாள் நேரில் வந்தார். கையில் பச்சை நிற ஒயர்க் கூடை.

"சுருட்டை முடி. அப்படித்தான் பொறந்துச்சு. அது யாரை எதுத்துக் கலகம் பண்ணுச்சு?" என்றார். "அந்தம்மா ‘நெறைஞ்ச முடி’ங்குது. ஷேயுன்னு அவங்க சொல்லு. அதையே போட்டிருக்கேன். வாங்கித் தேய்க்கப்போறது அந்தம்மாதான?"

தைலக் கம்பெனி ஏற்றுக்கொண்டதா என்றால், இல்லை. ரெபெல்தே என்றே அச்சாயிற்று. அக்கா சண்டை போடவில்லை. ஆனால் அந்த லேபிளுக்கு மொழிபெயர்ப்பு சரி என்று சான்று தரும் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தைல பாட்டிலுக்கு யாரும் உறுதிமொழி கேட்கவில்லை என்று சொன்னேன்.

"கேக்கலன்னாலும் போடலன்னு எழுதி வச்சுக்க" என்றார்.

அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. வியப்பு பிறகு வந்தது, தவணை தவணையாக.

*

அந்த ஒயர்க் கூடைக்குள் ஒரு பதிவேடு இருக்கும். சிமெண்ட் ஆய்வகப் பதிவேடு, நீள வாக்கில், கெட்டி அட்டை. ஆலையை விட்டு வரும்போது காலியாக இருந்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாராம். கோடு போட்ட கட்டங்கள்: சாம்பிள் எண். எடுத்த இடம். எடுத்தவர். தோற்றம். முடிவு.

அந்தக் கட்டங்களில்தான் சொற்களை எழுதினார். குறிப்பாக ஒரு வகைச் சொற்களை. ஒழுங்கின்மை, அடங்காமை, கூச்சல், குழப்பம், கலவரம். ஆங்கிலத்தில் இவை வந்தால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவார்.

"பம்பு, வால்வு, போல்ட்டு இதெல்லாம் பொருளு. தப்பா எழுதினா மோட்டார் ஓடாது, திருத்திக்கலாம். இது ஆளைப் பத்துன வார்த்த. ஒருத்தன் இன்னொருத்தனப் பாத்துச் சொல்றது. சொல்றவன் எங்க நின்னான், மத்தவன் எங்க நின்னான்னு தெரியாம எப்படி எழுதறது?"

ஒருநாள் அரியலூரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பித்தளை விளிம்பு வைத்த ஆய்வகச் சல்லடை ஒன்றில் கொழுக்கட்டைக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தார். தேய்ந்துபோனதால் ஆலை கழித்துவிட்டது. வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சன்னல் கம்பிகளில் சாம்பல் நிறப் பொடி.

"டிஸ்ஆர்டர்ங்கறான்" என்றார், சலித்துக்கொண்டே. "கொழந்த பொம்மைய எறைச்சுப் போட்டாலும் அதான். ஊரையே கொளுத்தினாலும் அதான். ஒரே மூட்டையில கல்லும் இருக்கு, மாவும் இருக்கு. சலிக்காம தூக்கி அடுத்தவன் வூட்டு வாசல்ல கொட்ட முடியுமா?"

அவர் சலித்த விதத்துக்குச் சில பதிவுகள், பதிவேட்டிலிருந்து.

மெஸ். எடுத்த இடம்: ஆய்வக மேசை. தோற்றம்: சிந்திய பொடி, கழுவாத குவளை இரண்டு. முடிவு: பகுன்ஸா, இறைந்து கிடப்பது.

ரவுடி. எடுத்த இடம்: மீன் சந்தை. தோற்றம்: மூன்று பெண்கள், விலை பேசும்போது. முடிவு: பருல்யோ, வெறும் சத்தம். குறிப்பு: யாரும் ரவுடி இல்லை. மீன் நன்றாக இருந்தது.

ரயட். எடுத்த இடம்: நகரம், கண்ணால் பார்த்தது. தோற்றம்: கடைகள் எரிந்தன. கையில் கல், இரும்பு. இரண்டு நாள் வெளியே வரவில்லை. முடிவு: மொதிம், கலவரம்.

எழுதியதில் தவறு நேர்ந்தால் அழிப்பான் கிடையாது. ஆய்வக விதி அப்படி. தவறான எழுத்தின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது. அதன் கீழே கையெழுத்து.

"கிறுக்கி மறைச்சா, மறைச்சவன்னுதான் பேரு. ஒரே கோடு போட்டா, திருத்துனவன்" என்பார்.

நான் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து அந்தப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றினேன். எங்கள் மென்பொருளின் சொற்பட்டியலில் இரண்டு கட்டங்கள்தான். ஆங்கிலம் ஒன்று, போர்ச்சுகீசு ஒன்று. இடமும் எடுத்தவரும் தோற்றமும் போக இடமில்லை. விட்டுவிட்டேன்.

ரயட், மொதிம். அவ்வளவுதான் ஏறியது.

*

இனி அந்தத் தவறு.

மொசாம்பிக்கில் ஆலை நடத்தும் ஒரு கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அக்கா முன்பு வேலை பார்த்த அதே ஆலைதான், கை மாறியிருந்தது. ஒரு வியாழக்கிழமை காலை அவர்களிடமிருந்து உள்விசாரணைக் குற்றப்பத்திரிகை ஒன்று வந்தது. இருபத்தேழு தொழிலாளர்களுக்கு ஒரே வாசகம். அடங்காத கும்பல், உணவகத்திலும் வாயிலிலும் ரயட் நடத்தியது என்று ஆங்கிலத்தில் இருந்தது. மாலைக்குள் போர்ச்சுகீசில் வேண்டும், உறுதிமொழித் தாளுடன்.

அக்காவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு.

"தேனு, அஞ்சு கேள்வி. எத்தன பேரு நின்னாங்க? கையில என்ன இருந்துச்சு? என்ன ஒடஞ்சுது? எவ்வளவு நேரம்? நிறுத்துங்கன்னு யாராச்சும் சொன்னாங்களா, சொன்னப்ப நின்னாங்களா?"

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள கேக்கறாங்க."

"நாளைக்குத் தரேன்னு சொல்லு. இந்த வார்த்தை போச்சுன்னா காகிதம் ஆபீசோட நிக்காது. அந்த ஊர்ல போலீசுக்குப் போவும். இருபத்தேழு குடும்பம். தொமாஸுக்குப் போன் போடறேன், எடுக்க மாட்டேங்கறான். எடுத்ததும் சொல்றேன்."

ராஜமாணிக்கம் சாரிடம் சொன்னேன். வாடிக்கையாளரைக் காக்க வைக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. "நீயே பாத்து முடிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு திருமண வரவேற்புக்குக் கிளம்பிப் போனார். நான்கு மணிக்குக் கம்பெனியிலிருந்து இரண்டு முறை அழைப்பு. ஐந்து மணிக்கு மூன்றாவது முறை. அக்காவின் எண் தொடர்ந்து வேறொரு அழைப்பில் இருந்தது.

என் அலமாரியில் ஒரு கோப்பு உண்டு. அதில் அக்கா முன்கூட்டியே கையெழுத்திட்ட உறுதிமொழித் தாள்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அரியலூரிலிருந்து பேருந்து ஏறி வர வேண்டாம் என்று நான்தான் கேட்டு வாங்கி வைத்தேன். அவர் முடித்து அனுப்பியதோடு மட்டும் இணைப்பது என்று பேச்சு.

மென்பொருளில் ஏற்றினேன். சொற்பட்டியல் தானாக நிரப்பியது. வாக்கியங்களைச் சீர் செய்தேன். எனக்கு அந்த மொழி பாதி தெரியும், பாதி தெரிந்தவர்களுக்கு உள்ள தைரியமும் இருந்தது. ஒரு தாளை உருவி, ஸ்கேன் செய்து, இணைத்து அனுப்பினேன்.

மணி ஐந்து நாற்பது. ஒழுங்காக, கெடுவுக்குள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அக்கா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கூடையைக் கீழே வைப்பதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"கெடச்சுட்டான் தொமாஸ். ஏன் போன எடுக்கலன்னா, சாவு வூட்டுல இருந்திருக்கான். அவங்க கூட வேல பாத்தவன், சாலையில லாரி மோதி. உடம்ப ஊருக்குக் கொண்டுபோற வண்டி ஆலை வாசல் வழியாத்தான் போச்சாம். சாப்பாட்டு நேரம். அப்படியே எழுந்து வாசலுக்கு வந்து பாடியிருக்காங்க. கையில தட்டு, ஸ்பூன். அதத் தட்டித்தான் பாட்டு. இருபத்தேழு பேரு. நாப்பது நிமிஷம். வண்டி கண்ணுக்கு மறைஞ்சதும், யாரும் சொல்லாமயே உள்ள போயிட்டாங்க. ஒரு தட்டு கீழ விழுந்து ஒடஞ்சுது. ஒண்ணே ஒண்ணு."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அந்த மேனேஜரு புதுசு. நம்ம பக்கத்து ஆளுதான். பாஷை தெரியாது. அத்தன பேரு தட்டத் தட்டிக்கிட்டு வரவும் ரூமப் பூட்டிக்கிட்டு உக்காந்துட்டான். பயந்துட்டான் பாவம். பயந்தவன் எழுதினா எல்லாமே ரயட்டுதான். நம்மூர்ல எழவுக்கு மேளம் அடிச்சா கலவரம்னா எழுதுவாங்க? சரி, ஃபைலத் தெற. எழுதிடலாம்."

அப்போதுதான் சொன்னேன். முழுவதையும். மென்பொருள், மொதிம், தாள்.

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த கையைப் பார்த்தேன். விரல்கள் ஒருமுறை மடங்கித் திறந்தன.

"என் கையெழுத்தா?"

"ஆமாங்கா."

"போயிடுச்சா?"

"நேத்தே."

"கோப்புல எத்தன தாளு இருந்துச்சு?"

"நாலு."

"மிச்சம் மூணையும் எடு."

எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டார். கிழிக்கவில்லை, கிறுக்கவில்லை. மூன்றையும் திரும்பக் கோப்பில் வைத்தார். பிறகு தண்ணீரைக் குடித்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். போர்ச்சுகீசிலாவது. திட்டவில்லை.

"வெள்ளப் பேப்பர் குடு" என்றார்.

*

அந்தக் கடிதத்தை அவர் எழுதியபோது நான் எதிரே இருந்தேன். முதலில் போர்ச்சுகீசில், அடுத்து ஆங்கிலத்தில். முதல் வரி: இம்மொழிபெயர்ப்பில் உள்ள பிழை என்னுடையது. அடுத்து, மொதிம் என்ற சொல் எந்தெந்த இடத்தில் வருகிறது, எந்தக் காரணத்தால் அது பொருந்தாது. பிறகு அந்த ஐந்து கேள்விகள், ஐந்து பதில்கள், யார் சொன்னது என்பதுடன். ஒரு வருணனை இல்லை. சிமெண்ட் அறிக்கை போல இருந்தது. கம்பெனிக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று, தொழிலாளர் குழுவுக்கு ஒன்று.

"அக்கா, நான் பண்ணேன்னு எழுதுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"நான்தான பண்ணேன்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. ஆனால் அதற்கு அன்று வேலை இல்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

"நீ பண்ணேன்னு எழுதினா என்னாவும்? யாரு தேனு, அவ எப்படி அடுத்தவ கையெழுத்த எடுத்தா, சாருக்குத் தெரியுமா தெரியாதா? அதுதான் பேச்சாவும். ஒரு மாசம் ஓடும். அந்த இருபத்தேழு பேரு எங்கயோ பின்னால நிப்பாங்க. தாள்ல இருக்கறது என் கையெழுத்து. என் கையெழுத்த நான் அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சுது."

"உங்க பேரு கெட்டுப் போவுமே."

"போவும்."

அவ்வளவு எளிதாகச் சொன்னார். பேருந்து போய்விட்டது என்பது போல.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டே, "நான் இருக்கறவரைக்கும் வாயத் தொறக்காத. அப்புறம் உன் இஷ்டம்" என்றார். படியில் இறங்கும்போது திரும்பி, "சாப்ட்டியா?" என்று கேட்டார்.

அன்றைய தினத்தை இன்னும் என்னால் அளக்க முடியவில்லை. துணிவு பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அது இவ்வளவு சிறிய எழுத்தில், இவ்வளவு நேரான வரிகளில் இருக்கும் என்று தெரியாது.

*

இரண்டு வாரம் கழித்துத் தொமாஸ் அழைத்தார். முதல் குற்றப்பத்திரிகை திரும்பப் பெறப்பட்டது. வேலைக்குத் தாமதமாகத் திரும்பியதற்கு எச்சரிக்கை, அவ்வளவே. காவல் நிலையத்துக்கு எதுவும் போகவில்லை. இருபத்தாறு பேர் வேலையில் இருந்தார்கள்.

ஒருவர் இல்லை. பாட்டை எடுத்துக் கொடுத்தவர். வேறு ஏதோ காரணம் காட்டி அவரை நிறுத்திவிட்டார்கள். அக்கா இருபத்தாறை ஒருபோதும் சொன்னதில்லை. அந்த ஒருவரைப் பற்றித்தான் பேசுவார். மாதம் ஒருமுறை அவரை அழைப்பார். அவர் வேறொரு ஊரில் தச்சு வேலைக்குச் சேர்ந்த அன்று அக்கா எங்கள் அலுவலகத்துக்குக் கடலை மிட்டாய் வாங்கி வந்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

கம்பெனி தன் பட்டியலிலிருந்து அக்காவை நீக்கியது. கவனக்குறைவானவர், சொந்தப் பிழையை ஒப்புக்கொண்டவர் என்று எங்களுக்கு எழுதியது. ராஜமாணிக்கம் சார் அதை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு நான் எதையும் கொடுக்கவில்லை. அதன் பிறகு அக்காவுக்குப் பம்புசெட், சோளம் உரிக்கும் இயந்திரம் மட்டுமே போயின. ஆளைப் பற்றிய சொற்கள் எதுவும் போகவில்லை. அவற்றை எழுதத் தகுதியான ஒரே ஆள் அவர்தான்.

ஒரு முறை மட்டும் கேட்டேன், கடந்த கார்த்திகையில். அவருக்கு ஏற்கனவே இதயத்தில் கோளாறு என்று தெரிந்திருந்தது.

"வருத்தமா இருக்காக்கா?"

"எதுக்கு?"

"உங்கள அப்படிச் சொல்றாங்கள்ல."

"சொல்றவங்க எங்க நின்னு சொல்றாங்கன்னு எனக்குத் தெரியுமே" என்றார். "தெரிஞ்சுட்டா அப்புறம் கோவம் வராது தேனு. அது ஒரு கஷ்டம்."

*

புதன்கிழமை ஏலாக்குறிச்சியில் அடக்கம். அவர் பிறந்த வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை நடந்தோம். கொள்ளிடம் பக்கத்திலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஜெபம் முடிந்து குழியருகே எல்லோரும் மண்ணுக்காகக் குனிந்தபோது சவரிமுத்து அண்ணன் கைப்பேசியை எடுத்தார். தொமாஸ் அனுப்பிய ஒலிப்பதிவு. குழி விளிம்பில் வைத்து ஓடவிட்டார்.

பல குரல்கள். ஆண்கள். உலோகத் தட்டுகளில் கரண்டி விழும் சத்தம், முதலில் தாறுமாறாக, பிறகு ஒரே சீராக.

உறவுக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். "என்ன மாமா இது கூச்சல்? சாமியாரு நிக்கறாரு. அணைங்க."

"கூச்சல் இல்லப்பா" என்றார் அண்ணன். வாழ்நாள் முழுதும் தனக்கு அந்த மொழி புரியாது என்று சொன்னவர். "பாட்டு. அவளுக்குத்தான் பாடறாங்க. மமா அமாலியாங்கறாங்க பாரு. முடியட்டும்."

சாமியாரும் முடியட்டும் என்று கையைக் காட்டினார். நின்றோம். பாட்டு நீளமாக இருந்தது. முதலில் முகம் சுளித்தவர் கடைசியில் தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

திரும்பும்போது அண்ணன் பச்சை ஒயர்க் கூடையை என்னிடம் கொடுத்தார். "ஒன்கிட்டதான் குடுக்கச் சொன்னா."

*

பதிவேடு இப்போது என் மேசையில் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு உரிய பக்கத்தைத் தேடினேன். இருந்தது. ரயட் என்று ஆங்கிலச் சொல். எடுத்த இடம்: ஆலை வாசல், தொமாஸ் சொன்னது. தோற்றம்: இருபத்தேழு பேர், தட்டு, ஸ்பூன், ஒரு சாவு. முடிவு என்ற கட்டத்தில் மொதிம். அதன் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில், அவர் கைப்பட, போர்ச்சுகீசில்: துக்கம். அதன் கீழே கையெழுத்து.

எடுத்தவர் என்ற கட்டத்தில், ‘சாம்பிள் எடுக்காமல் மொதிம் என்று எழுதியவர்: செ. அமலோற்பவம்’ என்று எழுதியிருந்தார். யாரும் பார்க்கப்போகாத தன் சொந்தப் பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். முழுப் பதிவேட்டிலும் அவர் எழுதிய ஒரே பொய் அது.

ராஜமாணிக்கம் சாரை அழைத்தேன். வந்து என் பக்கத்தில் நின்றார். நான்கு ஆண்டுக் கதையை அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் குனிந்து அந்த வரியை மறுபடி படித்தார்.

"நான் அந்தம்மாகிட்ட ஒரு தடவகூட கேக்கலயே" என்றார் கடைசியில். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

அக்கா பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். ஒன்றே ஒன்று. அடியில் இருப்பது நன்றாகப் படிக்கத் தெரிகிறது. பக்கத்தில் என் பெயரை எழுதினேன். கீழே கையெழுத்து.

போயிட்டு வாங்கக்கா. சரி செய்துவிட்டேன்.